இரண்டு டிக்கெட், ஒரு சைக்கிள், ஏகப்பட்ட தகராறு

சைக்கிளில் டபுள்ஸ் போனால் போலீஸ் பிடித்த காலம் ஒன்று இருந்தது. இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். ராத்திரியில் டைனமோ லைட் எரியவில்லை என்றால் ஒரு கேஸ். கேரியரில் ஆள் உட்கார்ந்திருந்தால் இன்னொரு கேஸ். ஃபைன் கட்டக் கையில் காசில்லை என்றால் வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டு, "தள்ளிக்கிட்டே போடா" என்று அனுப்பி வைப்பார்கள். அந்தக் கெடுபிடி எல்லாம் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் "ஒரு சைக்கிளில் எதற்கய்யா ரெண்டு பேர்?" என்கிற அந்த எரிச்சல் மட்டும் சாகவே இல்லை. ரோட்டைக் காலி செய்துவிட்டு ஏர்போர்ட்டில் போய்க் குடியேறிவிட்டது.

டேண்டம் சைக்கிளை விமானத்தில் ஏற்ற முயன்றவர்களுக்கு இது புரியும். முயலாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஒரே ஃபிரேமில் முன்னும் பின்னுமாக இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல் வைத்த வண்டிக்குப் பெயர் டேண்டம். ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருப்பவர் பொறுப்பு. பின்னால் இருப்பவரின் வேலை மிதிப்பது. கேரியரில் காலைத் தொங்கப்போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே போகிற டபுள்ஸ் இல்லை இது. இருவரும் உழைத்தாக வேண்டும். சுற்றுலாத் தலங்களில் வாடகைக்கு விடுவதையும், சினிமாப் பாட்டில் ஹீரோவும் ஹீரோயினும் ஓட்டுவதையும் பார்த்துப் பார்த்து, இது ஹனிமூன் ஜோடிகளின் விளையாட்டுச் சாமான் என்று ஒரு நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

நினைப்பு தப்பு. பார்வையில்லாத ஒருவர் சாலையில் சைக்கிள் மிதித்துத் தூரப் பயணம் போக வேண்டுமானால் நடைமுறையில் அவருக்கு இருக்கிற வண்டி இதுதான். பாராலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் பார்வையற்றோர் பிரிவு டேண்டத்தில்தான் நடக்கிறது. முன் சீட்டில் பார்வையுள்ளவர், பின் சீட்டில் போட்டியாளர். புனேயைச் சேர்ந்த திவ்யான்ஷு கணாத்ரா 19 வயதில் கிளாக்கோமாவால் பார்வையை இழந்தவர். அவர் 2016-ல் மணாலியிலிருந்து கர்துங் லா கணவாய் வரை டேண்டத்தில் போனார். அந்தக் கணவாயின் உயரம் 5,359 மீட்டர். (அங்கே நட்டு வைத்திருந்த புகழ்பெற்ற போர்டு 18,380 அடி என்று சொல்லும். கணக்குப் போட்டால் 17,582 அடிதான் வருகிறது. போர்டு எழுதியவர் ஏதோ உற்சாகத்தில் இருந்திருக்கிறார்.) ஏறி இறங்கி மூச்சு வாங்கி மலைப்பாதையில் 500 கிலோமீட்டர். இதை ஹனிமூன் விளையாட்டு என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இப்போது இதே ரூட்டுக்குத் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை. அவர்கள் சந்திக்கப்போகிற விதிகள் கற்பனை இல்லை. தம்பி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர். அண்ணன் அவருடைய பெரியப்பா மகன், திருவள்ளூரில் இருக்கிறார், பார்வை கிடையாது. தம்பி முன் சீட், அண்ணன் பின் சீட். லீவு நாட்களில் பூண்டி ஏரி வரை, தெம்பிருந்தால் பழவேற்காடு வரை ஓட்டிப் பழகியிருக்கிறார்கள். காசு சேர்த்து லே வரை இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. அங்கிருந்து தெற்கே மணாலி வரை மிதிப்பதாகத் திட்டம்.

முதல் தகராறு சொந்த மாவட்டத்துக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. திருவள்ளூர் மேற்கே அரக்கோணம் போகிற பாதையில் இருக்கிறது, கும்மிடிப்பூண்டி வடக்கே கூடூர் போகிற பாதையில். ஒரே மாவட்டம்தான், ஆனால் மின்சார ரயிலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பேசின் பிரிட்ஜ் வரை சென்னைக்குள் வந்து மாற வேண்டும். அந்தக் கூட்டத்தில் சாதா சைக்கிளையே ஏற்ற முடியாது, இரண்டரை மீட்டர் நீளச் சைக்கிளைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவே ஒத்திகைக்குக்கூட அண்ணன் ரயிலில் வருவார், தம்பி பெரியபாளையம், புதுவாயல் வழியாகப் பின் சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு தனியாக மிதித்துப் போவார். மீனம்பாக்கத்துக்குப் போக ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். அறுபது கிலோமீட்டருக்கு மேல். சரி, அது அவர்கள் தலையெழுத்து. விமான நிலையத்துக்கு வருவோம்.

உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் ஒருவருக்குப் பொதுவாக 15 கிலோ செக்-இன் சாமான். இரண்டு பேருக்கு 30 கிலோ. சுமாரான டேண்டம் ஒன்று 18 முதல் 20 கிலோ இருக்கும். அட்டைப் பெட்டி, கயிறு, சுற்றிய துணி எல்லாம் சேர்த்தாலும் 25 கிலோவைத் தாண்டாமல் கட்டலாம். அதாவது இரண்டு பேரும் காசு கொடுத்து வாங்கிய எடைக்குள் வண்டி அடங்குகிறது. மிச்சமிருக்கும் 5 கிலோவில் மாற்றுத் துணியும் ஒரு பஞ்சர் கிட்டும் வைத்துக்கொள்ளலாம். சாமான் தூக்கும் தொழிலாளர்களின் முதுகைக் காப்பாற்ற ஒரு உருப்படி 32 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலகம் முழுக்க ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். நியாயமான வரம்பு. அதற்குள்ளும் இது அடங்குகிறது.

பிறகென்ன பிரச்னை? பிரச்னை, விதி ஆளை எண்ணாமல் பெட்டியை எண்ணுவது. இரண்டு பேருக்கு இரண்டு உருப்படி என்றால் சரி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உருப்படி, ஆனால் நீளமான உருப்படி என்றால் கவுன்டரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. சர்வதேச வழக்கப்படி ஒரு சாமானின் நீள, அகல, உயரத்தைக் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். சாதா சைக்கிள் பெட்டியே அதற்குள் வராது. அதனால் பல நிறுவனங்கள் சைக்கிளை "விளையாட்டுச் சாமான்" என்று தனியாகப் பிரித்து ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றிவிடுகின்றன. நம் நாட்டு நிறுவனங்களின் விதிப் பக்கங்கள் பொதுவாகச் "சைக்கிள்" என்ற சொல்லோடு நின்றுவிடும். டேண்டம் அந்தச் சொல்லுக்குள் வருமா வராதா என்பதை அன்றைக்கு டியூட்டியில் இருப்பவரின் மனநிலை தீர்மானிக்கும். வெளிநாட்டு நிறுவனங்கள் சில இன்னும் தெளிவு. "ஒற்றை சீட் சைக்கிள்" என்றே எழுதி வைத்துவிட்டார்கள். அதாவது இரண்டாவது சீட் இருந்தால் அது சைக்கிளே இல்லையாம்! இரண்டாவது சீட்டுக்கு உரியவர் இன்னொரு முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாரே, அவரை எந்தக் கணக்கில் வைப்பது?

பி.காம். படித்த யாரும் காஸ்ட் அக்கவுன்டிங்கில் முதலில் கற்றுக்கொள்வது, செலவைப் பிரிக்கும் அலகு எது என்பதைத்தான். அலகு தப்பாகிவிட்டால் கூட்டல் கழித்தல் எவ்வளவு சரியாக இருந்தாலும் விடை தப்புதான். இங்கே அதுதான் நடக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடையில் கிடைக்கிற சாதா சைக்கிள் பெட்டி ஏறக்குறைய 140 × 80 × 22 சென்டிமீட்டர். இரண்டு பேர் இரண்டு தனிச் சைக்கிள் கொண்டுபோனால் இரண்டு பெட்டி, மொத்தம் 4,92,800 கன சென்டிமீட்டர். டேண்டத்தின் சக்கரங்களைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, 190 × 80 × 30 என்று ஒரு பெட்டியில் அடைத்தால் 4,56,000. விமானச் சரக்கில் கன அளவை எடையாக மாற்றப் பயன்படும் 6,000 என்ற எண்ணால் வகுத்தால், இரண்டு தனி வண்டிகளுக்கு 82 கிலோ, டேண்டத்துக்கு 76. இடத்தைக் குறைவாக அடைப்பது டேண்டம். உண்மையான எடையும் இரண்டு தனி வண்டிகளைவிடக் குறைவு. இருந்தும் இரண்டு தனிச் சைக்கிள்களை "வாங்க சார்" என்று ஏற்றிக்கொள்கிற விதி, இதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

"வாசலில் நுழையாதே" என்பார்கள். நம் நாட்டில் அதிகம் பறக்கிற ஏர்பஸ் 320-ன் சரக்கு அறைக் கதவு சுமார் 1.8 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். பெட்டியை நீளவாக்கில் நுழைத்து உள்ளே திருப்ப இடம் உண்டு. அந்த வயிற்றின் மொத்தக் கொள்ளளவு 37 கன மீட்டர். டேண்டம் கேட்பது அதில் அரை கன மீட்டருக்கும் குறைவு. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிறவர்கள் கதவு அகலத்துக்கு டி.வி. பெட்டி கொண்டுவருகிறார்கள், ஏறுகிறது. வளைகுடாவில் இறந்துபோன தொழிலாளியின் சவப்பெட்டி ஏறுகிறது. ஏறத்தான் வேண்டும், அது வேறு விஷயம். ஆனால் ஆறடிச் சவப்பெட்டி போகிற கதவில் ஆறேகால் அடிச் சைக்கிள் பெட்டி போகாது என்று யாரும் கதை விட வேண்டாம்.

அப்புறம் அந்தக் காற்று விவகாரம். டயரில் காற்றை இறக்கினால்தான் ஏற்றுவோம் என்பது பல கவுன்டர்களில் கேட்கிற வசனம். மேலே போனால் டயர் வெடித்துவிடுமாம். இந்த விமானங்களின் சரக்கு அறையும் பயணிகள் அறையைப் போல அழுத்தம் கொடுக்கப்பட்டதுதான். டயருக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் காலத்து டபுள்ஸ் போலீஸாவது ஒரு குற்றத்தைச் சொல்லிவிட்டுக் காற்றைப் பிடுங்கினார்!

விதி வளையாததால் சைக்கிளை வெட்ட ஆரம்பித்தவர்கள் உண்டு. இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அமெரிக்காவில் எஸ் அண்ட் எஸ் என்ற நிறுவனம், ஃபிரேமின் குழாய்களைக் குறுக்கே வெட்டி, மரையோடு கூடிய இணைப்புகளை வைத்துப் பற்றவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. வேண்டும்போது திருகிக் கழற்றலாம், ஊர் போய்ச் சேர்ந்ததும் திருகி மாட்டலாம். அதற்கான பெட்டியின் அளவு 26 × 26 × 10 அங்குலம். கூட்டிப் பாருங்கள், 62 அங்குலம். சென்டிமீட்டரில் 158. விமான விதியைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு சைக்கிளை அதற்கேற்ப நறுக்கியிருக்கிறார்கள்! டேண்டத்தை இப்படி இரண்டு பெட்டிகளில் அடக்கிவிடலாம். சாமர்த்தியமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் விலை கும்மிடிப்பூண்டி ஷிப்ட் தொழிலாளியின் சம்பளத்துக்கு எட்டாது. பணம் உள்ளவன் சைக்கிளை வெட்டி விதியைத் தாண்டுகிறான், இல்லாதவன் கவுன்டரில் நின்று கெஞ்சுகிறான். சாமான் அதே சாமான், எடையும் அதே எடை, என்ன சொல்ல!

இதில் நம்ம ஊருக்கு ஒரு வயிற்றெரிச்சல் தனியாக உண்டு. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கப்பட்டது. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடியது அங்கிருந்துதான். (அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேரும் வரை திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது.) பக்கத்தில் ஆவடியில் அதே குழுமத்தின் டியூப் ஆலை. கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கி உருட்டுகிற ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. குழாயும் இங்கே, கடைசல் பட்டறையும் இங்கே, வெல்டரும் இங்கே. திருகிக் கழற்றுகிற ஒரு இணைப்பைக் கடைந்து கொடுப்பது இந்த வட்டாரத்துக்குப் பெரிய வித்தை இல்லை. யாரும் கேட்காததால் யாரும் செய்யவில்லை. விமானத்தில் ஏறாது என்று தெரிந்த வண்டியை யார் வாங்குவார்கள், யாரும் வாங்காத வண்டிக்கு யார் பார்ட்ஸ் செய்வார்கள்? ஒரு விதி ஒரு சந்தையையே பிறக்கவிடாமல் வைத்திருப்பதற்கு இது நல்ல உதாரணம்.

"ரயிலில் போங்களேன்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். ரயில் விதியையும் பார்த்துவிடுவோம். பெட்டிக்குள் நம்மோடு கொண்டுபோகும் சாமானுக்கு அளவு 100 × 60 × 25 சென்டிமீட்டர். சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு இலவச எடைச் சலுகையும் கிடையாது. தனியாக புக் செய்து பிரேக் வேனில் போட வேண்டும். சென்ட்ரல் பார்சல் ஆபீஸில் டேண்டத்தைக் கட்டி ஒப்படைத்துவிட்டு அண்ணனும் தம்பியும் டெல்லியில் போய் இறங்கினால், வண்டி அதே ரயிலில் வந்திருந்தால் பாக்கியம். அப்படியே வந்தாலும் டெல்லியிலிருந்து மலைக்கு பஸ். பஸ் கூரையில் கயிறு போட்டு இறுக்கும்போது சங்கிலிப் பக்கம் எதுவும் வளையாமல் இருந்தால் அது இரண்டாவது பாக்கியம்.

"அங்கேயே வாடகைக்கு எடுத்தால் என்ன?" சாதா சைக்கிளுக்கு இது சரியான யோசனை. டேண்டத்துக்குச் சரிப்படாது. இரண்டு பேரின் உயரத்துக்கும் இரண்டு சீட்டும் பொருந்த வேண்டும். முன்னவரும் பின்னவரும் ஒரே தாளத்தில் மிதித்துப் பழகியிருக்க வேண்டும். பின்னால் இருப்பவருக்குப் பார்வை இல்லை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கை வைக்கும் இடம், கால் ஊன்றும் உயரம், பிரேக் பிடிக்கும்போது ஃபிரேம் கொடுக்கிற அதிர்வு, எல்லாமே அவருக்குத் தகவல். அந்த வண்டியில் பழகிய உடம்புதான் அவருக்குக் கண். பூண்டி ஏரிக்கரையில் மாதக் கணக்கில் பழகியதை விட்டுவிட்டு, ஐயாயிரம் மீட்டர் இறக்கத்தில் யாருடையதோ ஒரு வாடகை வண்டியில் அவரை உட்கார வைப்பீர்களா?

இங்கேதான் விஷயம் சாமான் கட்டணத்தைத் தாண்டிப் போகிறது. சக்கர நாற்காலியை விமானத்தில் கட்டணம் இல்லாமல் ஏற்ற வேண்டும் என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத வழக்கம். மாற்றுத் திறனாளிகளின் விமானப் பயணம் பற்றி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தனி விதித் தொகுப்பே வைத்திருக்கிறது. அது சும்மா கனிந்துவிடவில்லை. 2012 பிப்ரவரியில் மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் என்பவரைக் கொல்கத்தாவில் ஏறிய விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் ஒரு மாநாட்டுக்குக் கோவா போய்க்கொண்டிருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 மே மாதம் அந்த விமான நிறுவனம் அவருக்கு 10 லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதாவது ஆள் ஏறுவதற்கே ஒருவர் நான்கு வருஷம் போராட வேண்டியிருந்தது. சாமான் ஏறுவதற்கு எத்தனை வருஷமோ!

மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றுக் கையெழுத்திட்டு உறுதி செய்தது. அதன் 30-வது பிரிவு பொழுதுபோக்கையும் விளையாட்டையும் பற்றிப் பேசுகிறது. 2016-ல் வந்த நம் நாட்டுச் சட்டத்தின் 30-வது பிரிவும் (எண் ஒத்துப்போனது தற்செயல்தான்) அவர்கள் விளையாட்டில் பங்கேற்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அப்படியானால் பார்வையற்ற ஒருவர் ஓட்டக்கூடிய சைக்கிள் விமானக் கவுன்டரில் என்னவாகக் கருதப்பட வேண்டும்? சக்கர நாற்காலிக்குப் பக்கத்திலா, கோல்ஃப் மட்டைக்குப் பக்கத்திலா? இன்றைய விதியில் அது கோல்ஃப் மட்டைக்கும் கீழே இருக்கிறது. கோல்ஃப் பைக்காவது பெயர் போட்டு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.

சிலர் உடனே, "எல்லாத்தையும் உதவிக் கருவி என்று சொல்லிக்கொண்டு நாளைக்கு எல்லாரும் டேண்டம் கொண்டுவந்துவிடுவார்கள்" என்று பயம் காட்டுவார்கள். எல்லாரும் என்றால் எத்தனை பேர்? மீனம்பாக்கத்தில் வருஷத்துக்கு எத்தனை டேண்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள்? ஒரு பொருள் அபூர்வமானது என்பதைச் சொல்லி அதை ஏற்ற மறுப்பார்கள், அடுத்த மூச்சில் அது பெருகிவிடும் என்றும் சொல்லி மறுப்பார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். 2019-ல் அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் சில, சைக்கிளுக்கு வாங்கிக்கொண்டிருந்த கனமான தனிக் கட்டணத்தை எடுத்துவிட்டு, மற்ற பெட்டிகளைப் போலவே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தன. அந்த நிறுவனங்கள் ஒன்றும் சைக்கிள் பெட்டி நெரிசலில் மூழ்கிவிடவில்லை.

ஒரு சைக்கிளில் இரண்டு பேர் தூரம் போவதை இந்த நாடு ஒரு தடவை கொண்டாடியது, ஞாபகமிருக்கிறதா? 2020 மே மாதம், ஊரடங்கில் ரயில், பஸ் எதுவும் இல்லாதபோது, ஜோதி குமாரி என்ற 15 வயதுப் பெண் அடிபட்டு வேலை இழந்த அப்பாவைக் கேரியரில் உட்கார வைத்து, டெல்லியை ஒட்டிய குர்கானிலிருந்து பீகாரின் தர்பங்கா வரை 1,200 கிலோமீட்டர் மிதித்தார். கடல் கடந்தும் பாராட்டு வந்தது. சைக்கிள் சம்மேளனம் டெல்லிக்குத் தேர்வுக்கு வரச் சொன்னது. அதே நாட்களில் சென்னையிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லையை நோக்கி, வடமாநிலத் தொழிலாளர்கள் நடந்தும் சைக்கிளிலும் போய்க்கொண்டிருந்தார்கள். வேறு வழியே இல்லாமல் இரண்டு பேர் ஒரு சைக்கிளில் போனால் அது வீரம், தியாகம், கண்ணீர். அதே இரண்டு பேர் விருப்பப்பட்டு, டிக்கெட் எடுத்து, எடைக்குள் கட்டிக்கொண்டு வந்து, "எங்கள் சைக்கிளுக்கு இடம் கொடுங்கள்" என்று கேட்டால் அது ஆடம்பரம். ஏழையும் பார்வையற்றவரும் கஷ்டப்படும்போது மட்டும்தான் நம் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறார்கள் போல. ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினால் பிடிப்பதில்லை.

கேட்பது ஒன்றும் மலையைப் பெயர்க்கும் காரியம் இல்லை. ஒரே முன்பதிவில் வரும் இரண்டு பயணிகளின் சைக்கிள் ஒரே உருப்படியாக இருந்தால், அதை அந்த இரண்டு பேரின் சாமானாகக் கணக்கிட வேண்டும். எடை வரம்பு 32 கிலோ என்பது அப்படியே இருக்கட்டும். அந்த இருவரில் ஒருவர் பார்வையற்றவராக இருந்தால், சான்றிதழைப் பார்த்துக்கொண்டு, சக்கர நாற்காலியைப் போலக் கட்டணம் இல்லாமல் ஏற்ற வேண்டும். இரண்டு வாக்கியம். இயக்குநரகத்தின் விதித் தொகுப்பில் இதைவிட நீளமான வாக்கியங்கள் நிறைய இருக்கின்றன. முக்கியமாக, டிக்கெட் வாங்கும்போதே ஆம், இல்லை என்று பதில் தெரிந்துவிட வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குக் குட்டி யானையை அனுப்பிவிட்டுக் கவுன்டரில் நிற்கும்போது "சூப்பர்வைசரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஆரம்பிக்கக்கூடாது.

நியாயமாக மறுக்கக்கூடிய இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடலாம். குலு பள்ளத்தாக்கின் புந்தர் நிலையத்துக்குப் போவது சின்ன ஏ.டி.ஆர். ரக விமானம். அதன் சரக்கு அறையில் இந்தப் பெட்டியைத் திணிக்கச் சொல்வது அராஜகம். அதனால்தான் நம் அண்ணனும் தம்பியும் லே போகிற பெரிய விமானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். லேயில் வேறு சங்கடம். அந்த நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்த இடம் என்பதால் அங்கிருந்து கிளம்பும் விமானம் எடையைக் குறைத்துக்கொண்டுதான் எழும்ப முடியும். சில நாள் சாமானை இறக்கி வைத்துவிட்டு அடுத்த விமானத்தில் அனுப்புவார்கள். அது கிலோக் கணக்கு, அதில் யாருக்கும் புகார் இல்லை. இறக்கி வைக்கிற வரிசையில் 25 கிலோ டேண்டமும் 25 கிலோ சூட்கேஸும் ஒரே இடத்தில் நிற்கட்டும், போதும். போகும்போது லேயில் எடைப் பிரச்னை வராது, திரும்பும்போதுதான் வரும். அதற்குள் இருவரும் மணாலிக்கு மிதித்து இறங்கியிருப்பார்கள். அங்கிருந்து சண்டிகருக்கு பஸ், சண்டிகரிலிருந்து சென்னைக்கு மறுபடியும் ஒரு ஏர்பஸ். போன தடவை ஏற்றிய அதே பெட்டி, அதே எடை. அங்கே கவுன்டரில் இருப்பவர் வேறு.